எழுதாத தேர்வில் ஒன்பது

ஆண்டவன் படைப்பில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வேலை உண்டு. வெளிநாடு போகிறவர்களுக்கு வைக்கும் ஆங்கிலத் தேர்வைத் தான் எழுதாமலே, எழுதப் போகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லும் உயிருக்கும் ஏதோ வேலை இருக்கத்தான் வேண்டும். என்னவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் தெருவில் அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒன்பது மாமா என்றால்தான் தெரியும். அந்தத் தேர்வில் ஒன்பதுதான் உச்சம். அதற்குக் கீழே ஓர் எண் அவர் வாயில் வராது. நகல் எடுக்க நீங்கள் பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மெஷின் மூடியைப் பாதியில் பிடித்துக்கொண்டு, கேட்கும் பகுதியில் கண்ணை மூடிக்கொள், படிக்கும் பகுதியைக் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பி, பேசும் பகுதியில் எதைக் கேட்டாலும் கடற்கரைக்குப் போன கதையைச் சொல் என்று ஒரே மூச்சில் ஓதிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். நிற்கட்டும்.

அவர் எழுதியிருக்கிறாரா? என்ன கேள்வி இது? எத்தனை பேருடைய மதிப்பெண் தாள் அவர் கை வழியாகப் போயிருக்கிறது!

என் அக்கா மகள் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் போட்டது. மாதக் கடைசிக்குள் மதிப்பெண் போய்ச் சேரவேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருத்திக்கு. தேர்வில் அகாடமிக், ஜெனரல் என்று இரண்டு வகையாம். மாமா விடுவாரா? ஜெனரல்தான் சுலபம், சுலபமானதில் ஒன்பது வாங்கினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று தானே கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டார். பெரியவர் சொல்கிறாரே என்று நானும் தலையாட்டினேன்.

தேர்வு வகையை மாற்றுவதற்கு இரண்டே நாள் மிச்சமிருந்தபோது, பெண் அந்தக் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். அகாடமிக் மதிப்பெண்தான் வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. கடைக்குப் போனோம்.

“மாமா, இந்தக் கடிதத்த நீங்கதானே நாலு காப்பி எடுத்தீங்க?”

“ஆமாம்மா. நாலும் பளிச்சுன்னு வந்துச்சே.”

“படிச்சீங்களா?”

“காப்பி எடுக்கிறவன் படிக்கலாமா? அடுத்தவங்க கடுதாசிம்மா அது.”

அவள் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை மாற்றினாள். கடவுள் கண் திறந்தார், அகாடமிக் தேர்வில் இடம் இருந்தது. எழுதினாள், கேட்ட மதிப்பெண் வந்தது, போன வாரம் விமானமும் ஏறிவிட்டாள்.

மாமா திருந்தினாரா? திருந்தினார். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அகாடமிக்தான் எழுது என்கிறார். நேற்று ஒரு லாரி டிரைவர், குடும்பத்தோடு குடியேறப் போகிறவர், ஜெனரல் போதுமென்று ஏஜெண்ட் சொன்னாரே என்று மெல்ல இழுத்தார். மாமா மூடியைப் பாதியில் பிடித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். வெளிநாட்டுக்கு மனுப் போட்டிருக்கும் உங்கள் மாடிவீட்டுப் பெண்ணைப் படியில் மறித்து, “அதுல ரெண்டு வகை இருக்கும்மா” என்று தொடங்க இப்போதே வாய் துறுதுறுக்கிறதே, அவள் உங்களைக் கேட்டாளா?