மஞ்சள் தடவிய கம்பைலர்

புதுச் சாமான் எதைப் பார்த்தாலும் மஞ்சள் தடவுகிற கை எனக்கு. பிள்ளைகளே, உங்கள் சம்பந்தம் மாமாவின் படிப்பில் மண் அள்ளிப் போடப் பார்த்ததும் இதே கைதான்.

அறுபதுகளில் மெட்ராசில் இன்ஜினியரிங் படித்த சம்பந்தம் ஒரு கம்பைலர் செய்தான். 'இதைச் செய், அதை வை' என்ற கட்டளையும், 'இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடை' என்ற சூத்திரமும் கலந்த சின்ன மொழி ஒன்று. அதைக் கம்ப்யூட்டர் மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் துபாஷ்தான் கம்பைலர். எல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளாக ஒரு பெட்டியில் இருந்தது. ஓட்டைதான் எழுத்து. லீவுக்கு விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், மழைக்குப் பயந்து பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, திண்டிவனத்தில் தன் அம்மாவை, அதாவது என் அக்காவைப், பார்க்கப் போயிருந்தான்.

மறுநாள் காலை நான் அதைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கொடுக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு மெட்ராசில், மிஷினில் அவன் முறை. ஓட்டிக் காட்டாவிட்டால் ஒரு வருஷம் வீண்.

கிளம்பும் முன் திறந்து பார்த்தேன் (யார் பார்க்கச் சொன்னது?). ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மூலை வெட்டுப்பட்டு மூளியாக இருந்தது. நல்ல காரியத்துக்கு மூளியாகவா அனுப்புவது? மஞ்சளைக் குழைத்து, வரிசை கலையாமல், மூலைக்கு மூலை தடவினேன். மயிலம் பக்கம் பஸ் வந்தபோது முருகனுக்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் சம்பந்தம் பெட்டியைத் திறந்தான். அட்டைகள் ஈரத்தில் அப்பளமாக வளைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன.

"மாமா, இன்னாது இது?" (என்னையும் அவன் மாமா என்றுதான் கூப்பிடுவான்.)

"மஞ்சாடா. மங்களமா இருக்கட்டுமேன்னு."

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணக்கூட உடல." பெருமையாகவே சொன்னேன்.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வளைஞ்ச அட்டைய மிஷின் முழுங்காது மாமா," என்றான் மெதுவாக. அதற்குள் ஒரு மெட்ராஸ் பஸ் போய்விட்டது.

எதிரே இஸ்திரி வண்டி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இஸ்திரிக்காரர் ஓர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்ளோ பொத்தலா கீது. பூச்சி அரிச்சுதா?"

"தேய்ங்கண்ணே, ஜல்தி."

"கஞ்சி போடணுமா?"

"வேணாங்க," என்றான் சம்பந்தம்.

அவர் தேய்க்க, இவன் அடுக்க, இரண்டாவது பஸ்ஸும் போனது. சும்மா நிற்க முடியாமல் நான் கரியை விசிறினேன். ஒரு கங்கு தெறித்துக் கடைசி அட்டையில் விழுந்தது. தட்டிவிட்டேன். அரிசி அளவுக்கு ஓர் ஓட்டை. மூன்றாவது பஸ் உறுமிக்கொண்டு நிற்க, "சம்பந்தம், சின்னப் பொத்தல்..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியோடு ஏறிவிட்டான்.

நாலு மணிக்கு மிஷின் அட்டைகளை விழுங்கியதாம். கம்பைலரும் சோதனைக்குக் கொடுத்த கணக்கைப் பிசகாமல் மாற்றிச் சொன்னதாம். ஆனால் கடைசி அட்டையில் 'நிறுத்து' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'முதலிலிருந்து செய்' என்று என் ஓட்டை சொல்லிவிட்டது. ஒரே விடையை அடித்து அடித்து, காகிதம் தீர்ந்த பிறகுதான் மிஷின் அடங்கியது. அடித்ததெல்லாம் சரியான விடை என்பதால் வாத்தியார் பாஸ் போட்டுவிட்டார்.

சொன்ன கதையையே நான் மறுபடி ஆரம்பித்தால், "கங்கு பட்டுடுச்சா?" என்று உங்கள் அம்மா கேட்கிறாளே, அது இதுதான். விளங்கவில்லை என்றால் சொல்லுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.