மூன்று ஏழு, ஒரு தேங்காய் மலை

"அந்தத் தேங்காய் மலை அங்கே இருக்கிற வரைக்கும் என் கையெழுத்து விழாது சார்," என்றான் அருண்பிரசாத்.

ராஜமாணிக்கம் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டியபடியே நின்றார். அந்தமானின் மாயாபந்தர் ஊழியர் கிளப்பின் செயலாளர் பொறுப்பை அவரிடமிருந்து அருண்பிரசாத் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் ஆபீஸில் அவரை விடுவிப்பார்கள். விடுவித்தால்தான் போர்ட் பிளேர். மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். வருஷக் கணக்கில் எழுதிக் கேட்டு வாங்கிய மாற்றல்.

"அது மலை இல்லப்பா. ஜாக்பாட்."

"ஜாக்பாட்டுக்குள்ள பாம்பு போகுது சார்."

கிளப் வராந்தாவில் ஒரு பழைய ஸ்லாட் மெஷின் நின்றது; காசு போட்டு இழுத்தால் சக்கரங்கள் சுழன்று மூன்று படம் காட்டுகிற சூதாட்டப் பெட்டி. ஏதோ ஒரு வெளிநாட்டு உல்லாசக் கப்பலின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது கிளப்புக்கு நாற்காலிகள் எடுத்தார்கள். இதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஏலக்காரன் தலையில் கட்டிவிட்டான். காசு வைத்து ஆடினால் போலீஸ் வரும். ராஜமாணிக்கம்தான் யோசித்து வழி கண்டுபிடித்தார்.

தேங்காய்.

வாட்ச்மேன் குணாவிடம் ஒரு தேங்காய் கொடுத்தால் ஒரு டோக்கன். டோக்கனைப் போட்டுக் கைப்பிடியை இழுக்க வேண்டும். இரண்டு செர்ரிப் பழம் வந்தால் கேன்டீனில் ஒரு டீ. மூன்று ஏழு வந்தால், அதுவரை சேர்ந்த அத்தனை தேங்காயும். ஜெயித்தவர் மூன்று நாளுக்குள் சொந்தச் செலவில் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். அதுவரை அதில் ஒன்றைக்கூட யாரும் தொடக் கூடாது. செயலாளர் ஆடக் கூடாது. விதிகள் எல்லாம் அவர் எழுதியவை.

அவர் கமுதிக்காரர். அவர் ஊரில் தேங்காய்ச் சட்னி என்பது விருந்தாளிக்கு. இங்கே குவார்ட்டர்ஸ் வாசலில் விழுகிற தேங்காயை ஆட்கள் காலால் ஒதுக்கிவிட்டுப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

இரண்டு வருஷமாக யாருக்கும் மூன்று ஏழு விழவில்லை. குவியல் ஏறிக்கொண்டே போனது. அடியில் இருந்தவை முளைவிட்டன. நடுவில் இருந்தவற்றில் எலி குடும்பம் நடத்தியது.

வீட்டில் மனைவி ருக்கு வாசலிலேயே நின்றாள். "ஏங்க, போட்டானா?"

"நாளைக்கு."

அவளுக்கு அவசரம். மாற்றல் உத்தரவு வந்த அன்றே அடுப்பு, குக்கர், மிக்ஸி எல்லாவற்றையும் லாரியில் போர்ட் பிளேருக்கு ஏற்றிவிட்டாள். அன்று முதல் இருவருக்கும் மூன்று வேளையும் படகுத்துறையிலிருந்த ஜெட்டி ஓட்டல்தான்.

"இன்னும் ஒரு நாள் பரோட்டா தின்னா நானே சுருண்டு வட்டமாயிருவேன்," என்றாள்.

மறுநாள் காலை ராஜமாணிக்கம் சொந்தக் காசில் ஒரு மூட்டைத் தேங்காய் வாங்கிவந்து குணாவின் முன்னால் இறக்கினார்.

"விழுற வரைக்கும் இழு. விழுந்துச்சுன்னா மொத்தமும் உனக்குத்தான்."

குணாவின் முகம் சட்டென்று வாடியது. "மொத்தமுமா சார்?"

"மொத்தமும்."

"ஒரு நாலஞ்சு மட்டும்னா…"

"பேராசை இல்லாத ஆளுடா நீ," என்று நெகிழ்ந்துபோய் அவன் முதுகில் தட்டிவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது மூட்டை காலி. குணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

"விழுந்துச்சா?"

"டீதான் சார் விழுந்துச்சு. உள்ள போய் அலையடிக்குது."

வாங்கிய மூட்டையும் குவியலில் சேர்ந்து, குவியல் வராந்தாப் படியைத் தொட்டுவிட்டது.

ஒருத்தன் இழுத்தால் போதாது, ஊரே இழுக்க வேண்டும் என்று ராஜமாணிக்கத்துக்குத் தோன்றியது. இரண்டு செர்ரிக்கு டீயோடு வடையும் உண்டு என்று அறிவித்தார்.

ஊரே வந்தது. சாக்கில் வந்தது, சைக்கிளில் வந்தது, ஆட்டோவில் வந்தது. வீட்டைச் சுற்றிக் கிடந்த தேங்காயைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வந்தார்கள். சிலர் ஒரு தடவை இழுத்த கையோடு, சக்கரம் நின்றதும் நிற்காததுமாக அடுத்த டோக்கனைப் போட்டு இழுத்தார்கள். அந்த ஆர்வத்தைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். நீலாவதி டீச்சர் ஒரு தடவை "ஐயோ!" என்றே கத்திவிட்டார்.

"என்ன டீச்சர்?"

"கொசு சார்," என்று சொல்லிக்கொண்டே அவர் மறுபடி இழுத்தார்.

இரண்டே நாளில் குவியல் ஜன்னலை மூடியது. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக் கேரம் ஆட வேண்டியதாயிற்று.

அருண்பிரசாத் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். "முந்தாநாள் வரைக்கும் மலைதான் சார். இப்ப தொடர்ச்சி மலை."

"மெஷின்லதான் கோளாறு," என்றார் ராஜமாணிக்கம்.

எலெக்ட்ரிக் கடை அய்யூப் பாயை அழைத்து வந்தார். அவர் மெஷினின் முதுகைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏக்தம் டீக் சார். சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் பக்கா."

"பின்னே ஏன் பாய் விழ மாட்டேங்குது?"

அய்யூப் பாய் குணாவைப் பார்த்தார். குணா கூரையைப் பார்த்தான்.

"மணி ஒண்ணுதான் சார் துருப்பிடிச்சுச் செத்துக் கிடக்கு. உப்புக் காத்து. மூணு ஏழு வந்தா அடிக்கிற மணி. மாத்தவா?"

"மாத்துங்க. விழுந்தா ஊருக்கே கேக்கணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"இதுல யோசிக்க என்ன பாய் இருக்கு?"

பாய் மாற்றினார். சோதிப்பதற்காக ஒரு முறை அடித்துக் காட்டியபோது ஜெட்டியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் கிளப்புக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வடை கல்லானது. ராஜமாணிக்கம் வீடு வீடாகப் போனார்.

"டீச்சர், கிளப் பக்கமே காணோமே?"

"மரத்துல காயே இல்ல சார்," என்றார் நீலாவதி டீச்சர். அவர் தலைக்கு மேலே குலை குலையாகத் தொங்கியது.

குணாவைக் கேட்டால் தோள்பட்டை வலி என்றான்.

மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. ராஜமாணிக்கம் ராத்திரி முழுவதும் புரண்டார். விடிந்ததும் அருண்பிரசாத்தையும் குணாவையும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு, "இந்த நிமிஷத்திலேர்ந்து நான் செயலாளர் இல்லை. சாதாரண மெம்பர்," என்றார். ஒரு தேங்காயைக் கொடுத்து டோக்கன் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

ஏழு. ஏழு. ஏழு.

மணி அடித்தது. விடாமல் அடித்தது. அது ஓய்வதற்குள் ஊரே கிளப் வாசலில் கூடிவிட்டது. கை தட்டினார்கள். நீலாவதி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெட்டி ஓட்டலிலிருந்து பரோட்டாப் பார்சலோடு ருக்கு ஓடிவந்தாள்.

அருண்பிரசாத் தன் பேனாவையே எடுத்துவிட்டான். "வாழ்த்துகள் சார்! மூணு நாள்ல அள்ளிட்டீங்கன்னா அந்த நிமிஷமே கையெழுத்து."

ராஜமாணிக்கம் குவியலை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு கணம் கமுதி விலையில் கணக்குப் போட்டார். நெஞ்சு நிமிர்ந்தது.

"இத எங்கங்க கொண்டுபோறது?" என்றாள் ருக்கு.

நெஞ்சு இறங்கியது. எத்தனை லாரி என்று யோசித்தார். லாரிக்காரன் என்ன கேட்பான் என்று யோசித்தார். முளைவிட்டதை, எலி தின்றதை, பாம்பை யோசித்தார். படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் விழாதது," என்றார். "எனக்குன்னு முதல் இழுப்புலயே விழுது பாரு. என்ன ராசிடா எனக்கு!"

குணா பக்கத்தில் வந்து குந்தினான்.

"ராசியெல்லாம் ஒண்ணுமில்ல சார்," என்றான் ஆறுதலாக. "எங்களுக்கெல்லாம் விழுந்தப்ப மணி அடிக்கல, அவ்வளவுதான்."