ஐந்து கால் மயிலியும் பதினோரு படிவங்களும்

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தால் உடனே சிங்கம் வரும் என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். வராது, சாய்ந்துகொள்ளுங்கள். சிங்கத்துக்கு ஏது வறட்சி? இது அந்தக் காட்டோரம், மழையைப் பார்த்து ஒன்பது மாதமான ஒரு தட்டைப்பயற்றுக் கொல்லையில் நடந்த கதை. அங்கே பதினோரு வீட்டு எறும்புகள் மந்தை மேய்த்துப் பிழைத்து வந்தன.

எறும்பாவது மந்தையாவது என்று சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு அவரைக்கொடியில் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே அசுவினிப் பூச்சி, அதுதான் மந்தை. அது செடியின் சாற்றை உறிஞ்சும். எறும்பு போய் மீசையால் முதுகைத் தடவிக் கொடுத்தால் ஒரு சொட்டு இனிப்பு விடும். அதுதான் பால். அவ்வளவுதான் தொழில், இதற்கு மேல் கேட்டால் எனக்கும் தெரியாது.

செடி காய்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் அந்த எறும்புகளிடம் ஒரு வழி இருந்தது. ஆளுக்கொரு அசுவினியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு நாள் நடந்தால் எருக்கங்காடு. எருக்கு எந்த வெயிலுக்கும் வாடாது. மழை பெய்தால் திரும்பி வரலாம். இந்த வருஷமும் மூட்டை கட்டி, வாயைத் திறந்து, கவ்வப் போகிற நேரம். அப்போது பார்த்து ஒரு குரல் கேட்டது.

"யாரும் நகர வேண்டாம்! நிவாரணம் வருகிறது!"

வந்தவர் ஒரு மரவட்டை. வறட்சி நிவாரண மற்றும் வாழ்வாதார ஆதரவுத் திட்டத்தின் கள அலுவலர். கையில், அதாவது முதல் நூறு கைகளில் ஒன்றில், புளியிலை அளவுக்கு ஒரு டேப்லெட். நல்ல மனிதர், மன்னிக்கவும், நல்ல மரவட்டை. ஒரே ஒரு பழக்கம்தான் பொல்லாதது. பதில் தெரியாத கேள்வி கேட்டால் சுருண்டு படுத்துவிடுவார்.

"வீட்டுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி தரப்படும்," என்றார்.

எறும்பிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்? பதினோரு வீட்டிலும் மூட்டை தொப்பென்று கீழே விழுந்தது. இன்னும் புழுவாகவே இருந்த எறும்புப் பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்தன.

"ஆனால் கணக்கெடுப்பு முடியும்வரை இடம் பெயரக் கூடாது. பெயர்ந்தால் பயனாளிப் பட்டியலில் பெயர் இருக்காது."

"எப்ப முடியும் சார்?" என்று கேட்டாள் இருளாயி. அவள் ஒண்டிக்கட்டை, வெடுக்கென்று பேசுவாள்.

மரவட்டை சுருண்டார்.

அவர் அவிழ்ந்து, ஊர்ந்து ஆபீசுக்குப் போய், முத்திரை வாங்கி, ஊர்ந்து திரும்பி வர இருபது நாளாயிற்று. அத்தனை கால் இருந்து என்ன பிரயோஜனம், எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டுமே! அதற்குள் பத்து வீட்டு மந்தையும் செத்து ஒழிந்தது. மிஞ்சியது இருளாயியின் மயிலி மட்டும். ஏற்கெனவே இடது பின்னங்கால் இல்லாத அசுவினி. இப்போது தோலும் எலும்பும். அசுவினிக்கு எலும்பு கிடையாது, ஆகவே தோல் மட்டும்.

இருளாயி அதன் தலைமாட்டிலேயே கிடந்தாள். ஒரே ஒரு காம்பில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தது. அதில் மயிலியை ஒட்டவைத்து, "உறிஞ்சுடி கண்ணு, இன்னும் ஒரு மடக்கு," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மரவட்டை விதிகளைப் படித்தார். "ஒன்று, பயனாளியிடம் மந்தை இருக்க வேண்டும். மந்தை இல்லாதவர் மேய்ப்பர் ஆகமாட்டார். இரண்டு, மந்தை நலிந்திருக்க வேண்டும். கொழுத்திருந்தால் வறட்சி இல்லை என்று அர்த்தம்."

"அப்ப செத்துப்போச்சுன்னா?" என்று கேட்டாள் வெள்ளையம்மா. கருகருவென்று இருக்கும் அந்த எறும்புதான் ஊருக்குத் தலைவி. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"செத்ததை எப்படியம்மா ஆதரிப்பது?"

வெள்ளையம்மா நேரே இருளாயியிடம் ஓடினாள். "ஏ இருளாயி, உன் மயிலியைக் கொஞ்சம் குடுடி. வீடு வீடா ஆபீசர் வரும்போது காட்டிட்டுத் தந்துடறோம்."

"போங்கக்கா! நான் இதைத் தூக்கிக்கிட்டு எருக்கங்காட்டுக்குக் கிளம்பறேன். இன்னும் நாலு நாள் போனா இது பொழைக்காது."

"மூணே நாள்தான்டி. என் வீட்டுப் புழுவுங்களைப் பாரு, வாயைத் திறந்து மூட சக்தியில்ல. உன் கால்ல விழறேன்."

ஆறு காலில் எந்தக் காலில் விழுவது என்று அவள் தேடுவதற்குள் இருளாயி மனம் இளகிவிட்டாள். "மூணு நாள்தான். செத்துச்சுன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்."

அடடா, அந்த மூன்று நாளும் மயிலி பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமே! முன்வாசலில் ஆபீசர் அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார். பின்வாசல் வழியாக மயிலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒருத்தி, செத்துவிடுமோ என்று பயந்து நாலு மடக்கு சாறு ஊட்டுவாள். அடுத்தவள் பதறுவாள். "அடிப் பாவி, ஏன்டி ஊட்டினே? கன்னம் உப்பிப்போச்சே! கொழுத்திருக்குன்னு எழுதிட்டா?" உடனே மயிலியை வெயிலில் வைத்து வாட்டுவார்கள். கண் செருகும். "ஐயோ போயிடும் போலிருக்கே!" மறுபடி ஊட்டுவார்கள்.

"உங்களுக்கு நான் எப்படி இருக்கணும்னு ஒரு முடிவுக்கு வாங்கடி," என்றது மயிலி.

"பாதி," என்றாள் வெள்ளையம்மா. "பாதி உசுரோட இரு தாயி."

பதினோரு வீடு, பதினோரு படிவம், பதினோரு போட்டோ. எல்லாம் முடிந்தது. மரவட்டை போட்டோக்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"பதினோரு வீட்டிலும் அசுவினிக்கு இடது பின்னங்கால் இல்லையே!"

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தொலைந்தோம், கண்டுபிடித்துவிட்டார்!

"கொள்ளைநோய்!" என்று கத்தினார் மரவட்டை. "ஐங்கால் நோய்! நானே பெயர் வைத்துவிட்டேன். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்!"

மருத்துவர் யார் தெரியுமா? பொறிவண்டு டாக்டரம்மா. சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டுகள், பார்க்க லட்சணமாக இருப்பார். அசுவினியைப் பற்றி அவரளவுக்கு அறிந்தவர் கிடையாது, மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிடுகிறார். போட்டோவைப் பார்த்ததும் நாக்கைச் சுழற்றிக்கொண்டார்.

"மந்தைக் குறைப்பு செய்தாக வேண்டும். நாளைக் காலை பதினொன்றையும் என்னிடம் ஒப்படையுங்கள். வலிக்காமல் முடித்துவிடுகிறேன். இழப்பீடாகச் சர்க்கரை கிடைக்கும்."

வெள்ளையம்மா இருளாயியைப் பார்த்தாள். இருளாயி வெள்ளையம்மாவைப் பார்க்கவில்லை. மயிலியைக் கவ்வினாள், கிளம்பினாள். "நில்லுடி! எங்கடி போறே?" என்று பத்து வீட்டுக்காரிகளும் பின்னால் கத்தினார்கள். பதில் சொல்ல வாயில் இடமில்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதை நான் இங்கே எழுத முடியாது.

மறுநாள் டாக்டரம்மா கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒன்றுமில்லை. ஊர் தலையைச் சொறிந்தது. மரவட்டை சுருளப் பார்த்தார்.

"சுருளாதீர்கள்," என்றார் டாக்டரம்மா. "பதினொன்று நோயுற்றன என்று மேலே அனுப்பியாயிற்று. இப்போது ஒன்றுகூட இல்லை என்று எழுதினால் உங்களுக்கும் கெட்ட பெயர், எனக்கும் பயணப்படி இல்லை. குறைத்தாகிவிட்டது என்று எழுதுங்கள்."

எழுதினார்கள். கையெழுத்தும் ஆயிற்று. "பதினொன்றையும் சாப்பிட்டதாக எழுதியாயிற்று. வயிறுதான் நம்ப மாட்டேன் என்கிறது," என்று முனகிக்கொண்டே டாக்டரம்மா பறந்து போனார்.

சர்க்கரை வந்தது! பத்து வீட்டுக்கும் வந்தது. இருளாயி இடம் பெயர்ந்ததால் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். இல்லாத அசுவினியைப் பறிகொடுத்தவர்களுக்கெல்லாம் கட்டி கட்டியாய் இழப்பீடு, இருந்த ஒன்றைக் காப்பாற்றியவளுக்குப் பட்டை நாமம். நாலு நாள் ஊரில் ஒரே கும்மாளம். ஐந்தாம் நாள் கட்டியிருந்த இடத்தில் ஈரம்தான் இருந்தது, அதையும் நக்கியாயிற்று.

இருளாயி எருக்கங்காட்டை அடைந்தபோது மயிலிக்குத் தலை தொங்கிவிட்டது. இளம் காம்பில் ஒட்டவைத்தாள். அசைவில்லை. மீசையால் முதுகைத் தடவினாள், தடவினாள், பொழுதெல்லாம் தடவினாள். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாருடி இருக்கா?" என்று வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோது காம்பில் 'சுர்' என்று ஒரு சத்தம். மயிலி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அசுவினிக்குத் தெம்பு வந்தால் புருஷன்கூட வேண்டாம், பிள்ளை தானாகப் பிறக்கும். பத்தே நாளில் காம்பு முழுக்கக் குட்டிகள். எல்லாவற்றுக்கும் முழுசாக ஆறு கால்.

அன்றுதான் பத்து வீட்டுக்காரிகளும் பசியோடு நடந்து வந்து சேர்ந்தார்கள். இருளாயி ஒரு மணி நேரம் வைதாள். மூச்சு வாங்கினாள். இன்னும் அரை மணி நேரம் வைதாள். பிறகு வீட்டுக்கு இரண்டு குட்டியாகப் பிரித்துக் கொடுத்தாள். படிவம் எதுவும் கேட்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை.

எல்லாரும் பால் கறந்து குடித்துக்கொண்டிருக்கும்போது மரவட்டை வந்து சேர்ந்தார். மயிலியைக் கண்டதும் பதறிப்போய் டேப்லெட்டைத் தட்டினார்.

"இது உயிரோடு இருக்கக் கூடாதே! பதிவேட்டில் பதினோரு தடவை செத்திருக்கிறது. சர்க்கரை திரும்பப் போக வேண்டியிருக்கும்!"

"சார், அது வேற, இது வேற," என்றாள் வெள்ளையம்மா கண்ணிமைக்காமல். "இது உங்க திட்டத்தால வந்த புது மந்தை."

மரவட்டைக்கு உயிர் வந்தது. வாயெல்லாம் பல்லாக மந்தையின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். 'வாழ்வாதாரம் மேம்பட்டது. திட்டம் மாபெரும் வெற்றி. இனி உதவி தேவையில்லை' என்று டேப்லெட்டில் தட்டி, மிச்சமிருந்த பத்து வீட்டையும் பட்டியலிலிருந்து நீக்கினார்.

"சார், அடுத்த வறட்சிக்கு நாங்க என்ன செய்யறது?" என்று கேட்டாள் இருளாயி.

இந்தத் தடவை அவர் சுருளவில்லை. பதில் தெரிந்திருந்தது.

"பாதி சாகும்போது சொல்லி அனுப்புங்கள்."

நீதி: நிவாரணம் வந்து சேரும்வரை பிழைத்திருப்பவருக்கு நிவாரணம் தேவையில்லை, அதற்குள் செத்தவருக்கு விண்ணப்பிக்கத் தகுதியில்லை. ஆகவே குழந்தைகளே, எப்போதும் பாதி உயிரோடு இருக்கப் பழகுங்கள்.