ஒன்பது உருப்படியும் ஒரு சீப்பும்

எதுவுமே தெரியாத மனிதனால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து வந்துவிடாது. அவன் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்து காபி குடிப்பான். அரைகுறையாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதைச் சத்தமாகச் சொல்லவும் தெரிந்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எட்டு வருடங்களுக்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு நல்ல குடும்பத்துக்கு அப்படி ஒருவன் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். அவன் நான்தான்.

கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி கலையின் அக்கா பவித்ராவுக்குத் திண்டிவனத்தில், அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல், கலந்த சாதம், பலகாரம் எல்லாம் பிறந்த வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் முதல் வளையல் கையில் ஏறிவிட வேண்டும் என்று பவித்ராவின் மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். (அந்த அம்மாள் முறைத்தால் ராகுவே கொஞ்சம் தள்ளி நிற்பார்.)

"ஒரு வேன் வெச்சிக்கலாம் மாப்ள" என்றார் மாமனார்.

"எதுக்கு மாமா? காலை பாசஞ்சர்ல ஏறினா ஒரு மணி நேரம். லக்கேஜ், சீட்டு எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். நான் கல்லூரிக் காலம் முழுக்க ரயிலில் போய் வந்தவன். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஓர் எண்ணம்.

மொத்தம் ஒன்பது உருப்படி. புளியோதரைக்கும் தக்காளி சாதத்துக்கும் இரண்டு பெரிய தூக்கு, அதிரச டின், தாம்பாளத் தட்டு மூட்டை, பழக்கூடை, அப்புறம் நாலு கட்டைப்பை. அந்த நாலில் ஒன்றில்தான் கண்ணாடி வளையல். நாலும் ஒரே ஜவுளிக்கடை கொடுத்த பை. எங்கள் பக்கம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அதே பை ஆணியில் தொங்கும்.

புது மாப்பிள்ளை பெட்டி தூக்குவது நம்மூரில் பெரிய அபச்சாரம். ஸ்டேஷன் வாசலில் மாமனார் பதறிப்போய்த் தூக்கைப் பிடுங்க வந்தார். "குடுங்க மாப்ள, நாலு பேரு பார்த்தா என்னா நெனப்பாங்க?"

"நான் அந்த மாதிரி மாப்பிள்ளை இல்ல மாமா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இழுத்தேன். நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசையே.

ஒன்பதையும் மூன்று நடையாக மேம்பாலத்துக்கு ஏற்றினேன். மூன்று உருப்படியை மேலே வைப்பது, கீழே ஓடி அடுத்ததை எடுப்பது, வழியில் யாராவது ஒருவர் முழங்காலில் தக்காளி சாதத்தால் இடிப்பது, மன்னிப்புக் கேட்பது, மறுபடி ஏறுவது. குனியும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து போன் நழுவியது. எரிச்சலில் அதை எடுத்துப் பக்கத்திலிருந்த ஒரு கட்டைப்பைக்குள் போட்டேன். என் மாமியாருக்கு மூட்டு வலி. நாலு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

"நீங்க அத்தையைக் கூட்டிக்கிட்டு மெதுவா வாங்க. வண்டி எப்பவும் மூணாவது பிளாட்பாரம்தான். நான் முன்னாடி போய் சீட்டு போட்டு வைக்கிறேன்" என்று அறிவித்துவிட்டுப் பாலத்தின் மேல் போனேன். அங்கிருந்து பார்த்தால் வண்டி ஐந்தாவதில் நிற்கிறது. கூட்டம் தடதடவென்று அந்தப் பக்கம் இறங்கியது. நானும் இறங்கினேன். பின்னால் வருபவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அப்போது தோன்றவே இல்லை.

இடம் பிடித்தேன் என்பதை மட்டும் இன்றைக்கும் மறுக்க முடியாது. எதிரெதிராக நாலு இடம். ஒன்றில் துண்டு, ஒன்றில் செய்தித்தாள், ஒன்றில் நான். நாலாவதுக்கு எதுவும் மிஞ்சாததால் என் சீப்பை வைத்தேன்.

பெட்டி நிரம்பி வழிந்தது. முதலில் வந்து நின்றவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். கையில் அதே ஜவுளிக்கடைக் கட்டைப்பை, நிறைய மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்).

"இங்க யாருப்பா?"

"ஆள் வருது."

"இங்க?"

"அங்கயும் ஆள் வருது."

அவர் சீப்பைப் பார்த்தார். "இதுக்குமா? தலை மட்டும் முன்னாடி வந்துக்கினு இருக்குதா?"

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் தன் பையை என் பைகளோடு சேர்த்து வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கேயோ ஒரு போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "யாரோட போனுங்க அது? எடுத்துத் தொலைங்களேன்!" என்று பெட்டியையே அதட்டினேன்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே, மூன்றாவது பிளாட்பாரத்தில் என் குடும்பம் நின்றிருந்தது. கலை போனைக் காதில் வைத்திருந்தாள். (ஒலிபெருக்கியில் ஐந்து என்று சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தடுத்தவர் மாமனார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.) என்னைப் பார்த்ததும் அவள் கத்தினாள்: "எறங்கிடாதீங்க! வளையலு! வளையல பத்திரமா எடுத்துக்கினு போங்க!" மாமியாருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. பாவம், எனக்கு டாட்டா காட்டினார். நானும் காட்டினேன்.

மூன்று காலி இடமும் நாற்பது ஜோடிக் கண்ணும் என்னையே பார்த்தன.

"என்னா தம்பி, உன் ஆளுங்க அங்க நிக்கிறாங்க போலக் கீதே?" என்றார் அந்த அம்மாள். சீப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்தார். பெயர் அஞ்சலை. முகையூரிலிருந்து ஒலக்கூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். வளைகாப்பு விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள், "அய்யய்யே, பேஜாரா பூட்டுதே" என்று எனக்காக அவர் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

மயிலம் தாண்டியதும், நான் துரத்திவிட்ட கூட்டமே எனக்காகத் தயாரானது. "தம்பி முதல்ல எறங்கட்டும். நாம ஜன்னல்ல குடுக்கலாம். ஜல்தி, ஜல்தி!" என்று அஞ்சலையம்மாள் தலைமை தாங்கினார். திண்டிவனத்தில் நான் குதித்தேன். தூக்கும் டின்னும் தட்டும் கை மாறி வாசலுக்கு வந்தன. கட்டைப்பைகள் ஜன்னல் வழியே இறங்கின. ஒன்று, இரண்டு... எட்டு, ஒன்பது! "போதும், போதும்!" என்று கத்தினேன். வண்டி கிளம்பியது. மறுபடி படிக்கட்டு, மறுபடி மூன்று நடை. ஆட்டோவில் ஏறும்போது இடுப்பு போயிருந்தது, ஆனால் கணக்கு சரியாக இருந்தது.

பவித்ராவின் மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒன்பதையும் வரிசையாக வைத்தபோது, சண்டையில் ஜெயித்து வந்தவன் போல நின்றேன். மணி ஒன்பதரை. பவித்ரா நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் முப்பது பெண்கள். அவள் மாமியார் சாமியைக் கும்பிட்டுக் கட்டைப்பையில் கையை விட்டார். ஒரு பிடி மல்லாட்டை வந்தது.

மற்ற மூன்று பைகளையும் கொட்டிப் பார்த்தார்கள். வெற்றிலை, துணி, சர்க்கரை எல்லாம் இருந்தன. வளையல் இல்லை.

"இதை எப்படிம்மா கையில மாட்றது?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. பவித்ரா முதலில் சிரித்தாள், அப்புறம் கண் கலங்கினாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும்தான் நான் செய்த வேலை எனக்கே உறைத்தது. பெட்டி தூக்காத மாப்பிள்ளையாக இருந்து தொலைத்திருக்கலாம். கடைக்கு ஓடலாம் என்று செருப்பைத் தேடும்போது என் மாமனார், மாமியார், கலை மூவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கலையின் முகத்தில் கோபத்தைக் காணோம். அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

"உங்க போனு எங்க?" என்றாள்.

சட்டைப் பையைத் தடவினேன்.

"நான் விடாம அடிச்சிக்கினே இருந்தேன். ஒரு பொம்பள எடுத்தாங்க. 'உன் ஊட்டுக்காரரு எங்கிட்ட வளையல குடுத்துட்டு என் மல்லாட்டைய தூக்கிக்கினு பூட்டாரும்மா'ன்னாங்க." போனில் வந்த அந்தக் குரலுக்குப் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம்.

சரியாகப் பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஒலக்கூரில் இறங்கி, மகள் வீட்டுப் பக்கம்கூடத் திரும்பாமல், கலை போனில் சொன்ன விலாசத்துக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார் அஞ்சலையம்மாள். கட்டைப்பையைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார். உள்ளே போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. (இந்தத் தடவை மாமனார். பத்திரத்துக்காக.)

கூடத்தில் உட்கார இடமில்லை. நான் ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க ஆள் வருதா தம்பி?"

"இல்லம்மா. நீங்க உக்காருங்க" என்றேன்.

"ஆள் வருது, ஆள் வருதுன்னியே. வந்துட்டேன் பாரு" என்று உட்கார்ந்தார்.

கூடம் அதிர்ந்தது. அதிகமாகச் சிரித்தவர் பவித்ராவின் மாமியார்தான். முதல் வளையலை அஞ்சலையம்மாளே போட வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். ராகுகாலத்துக்குப் பத்து நிமிடம் மீதி இருந்தது. வந்த பெண்கள் எல்லாருக்கும் வளையல் கொடுத்ததுபோல அவருக்கும் ஒரு டஜன் சிவப்பு வளையல் கொடுத்து, புளியோதரை கட்டி, மல்லாட்டையோடு மகள் வீட்டுக்கு அனுப்பி வைத்தோம்.

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். என்னை அவள் சித்தப்பா என்று கூப்பிட்டதே கிடையாது. "ஆள்வருது" என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருந்தால் யாராவது ஒருவர் அதில் சீப்பை வைத்துவிடுவார்கள்.

மல்லாட்டை பிடுங்கும்போதெல்லாம் முகையூரிலிருந்து எங்களுக்கு ஒரு கட்டைப்பை நிறைய வந்துவிடும். அதே ஜவுளிக்கடைப் பைதான். ஆனால் அதன் பிடியில் ஒரு சிவப்புக் கண்ணாடி வளையலைக் கட்டியிருப்பார் அஞ்சலையம்மாள். எதற்கு என்று கலை ஒரு தடவை போனில் கேட்டாள்.

"உன் ஊட்டுக்காரரு அடையாளம் கண்டுபிடிக்கத்தாம்மா" என்றாராம்.