எதிர் மிஷின்

ஓசூரில் வியாபாரத்தில் தோற்று ஓட்டாண்டியானவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஜெயித்து ஓட்டாண்டியானவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் டப்பா மிஷின்காரர்.

ஐம்பதுகளில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக நான் அங்கே போனபோது கிடைத்த அறை, அவருடைய மாவு மில்லுக்கு அடுத்த சுவர். மாவு மில்லை அந்தப் பக்கம் மிஷின் என்பார்கள். ஆயில் இன்ஜினின் புகைக்குழாய் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார். இன்ஜின் ஓடினால் ‘குக் குக் குக்’ என்று பேரிகைக்குப் போகிற ரோட்டு ஊர்களுக்கெல்லாம் கேட்கும். அதைக் கேட்டுத்தான் பெண்கள் ராகிக் கூடையைத் தலையில் ஏற்றுவார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்க் கெஞ்சினேன்.

“அந்த டப்பாவை எடுத்துட முடியுங்களா?”

“உங்க ஆபீஸ்ல வேலை நடக்கறது வெளிய தெரியாட்டிப் பரவால்ல சார். என்னுது தெரியணும்” என்றார்.

ஊருக்குக் கரண்டு வந்ததும் எதிர்வரிசையில் ஒருவர் மோட்டார் வைத்து இன்னொரு மிஷின் திறந்தார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். அதிகம் பேசமாட்டார், அவருடைய மோட்டாரும் அப்படித்தான். கரண்டு இருந்தால் வாசலில் ஒரு கம்பை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டுவார். விளம்பரம் அவ்வளவுதான்.

நம்மவருக்குத் தூக்கம் போயிற்று. காத்திருக்கும் பெண்களுக்கு மோர் கொடுத்தார். எதிரே பானகம் வந்தது. இவர் மோரில் இஞ்சி தட்டிப் போட்டார். எதிரே வெற்றிலை பாக்கு வந்தது. உடனே இவர் விட்டத்தில் தூளி கட்டி, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு முதலில் அரைப்பேன் என்று அறிவித்தார். அதன் பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையை இரவல் வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். புருவமெல்லாம் மாவாக, ஒரு கையால் ராகியைத் தள்ளிக்கொண்டு, கால் கட்டைவிரலில் தூளிக் கயிற்றை மாட்டி ஆட்டிக்கொண்டு அவர் நின்ற கோலம் கண்ணிலேயே இருக்கிறது.

எதிராளியின் குறையைக் கண்டுபிடிக்கத் தன் மைத்துனரையே கூடையோடு அனுப்பினார்.

“எப்படிடா அரைக்கறான்?”

“மாவு ஜில்லுனு வருது மாமா. நம்மளுது சுடுது.”

“குறையைப் பாத்துட்டு வான்னுதானே அனுப்பினேன்?”

மைத்துனர் வெகுநேரம் யோசித்தார். “வெத்தலைக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் கம்மி” என்றார். அடுத்த வாரத்திலிருந்து மைத்துனர் வீட்டு ராகி நிரந்தரமாக எதிர் மிஷினுக்குப் போயிற்று.

தினமும் கடை திறந்ததும் நம்மவர் தெருவுக்கே கேட்கும்படி, “மோட்டாருல அரைச்ச மாவு வயித்துக்கு ஆவாது” என்பார். எதிராளி கம்பில் துணியைக் கட்டிக்கொண்டே, “ஆகட்டும், ஆகட்டும்” என்பார். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் இவர் காப்பியைக் கையில் எடுப்பார்.

கடைசியில் நம்மவர் அரைக்கிற கூலியைப் பாதியாக்கினார். கரண்டு பில்லும் கடை வாடகையும் கட்ட வேண்டிய எதிராளியால் அது முடியாது. சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு காலையில் மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தன் ஊருக்கே போய்விட்டார். இவர் தெரு முழுக்கச் சர்க்கரை வழங்கினார். நானும் வாங்கித் தின்றேன்.

கூலியை அவர் திரும்ப ஏற்றவில்லை. மோர், தூளி எல்லாம் அப்படியே இருந்தன. ஆனாலும் கூட்டம் வாராவாரம் குறைந்தது. ஏன் என்று அவருக்கு விளங்கவே இல்லை. ஒருநாள் சந்தையில், முன்பு வாடிக்கையாக வந்த ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

“பாதிக் கூலிக்கு அரைச்சும் வரமாட்டேங்கறீங்களே, ஏம்மா?”

“முன்ன உங்க இன்ஜினு நின்னா எதிர்ல போவோம்ண்ணா. அங்க கரண்டு நின்னா உங்ககிட்ட வருவோம். எப்படியும் மாவோட ஊடு போய்ச் சேந்துடுவோம். இப்ப உங்க பெல்ட்டு அறுந்துச்சுன்னா ராகியோடவே திரும்பி நடக்கணும். புள்ளைங்களுக்கு என்னாத்தைக் களி கிண்டறது? பேரிகையில இப்ப ரெண்டு மிஷினு இருக்குது.”

அவருடைய பெல்ட் மாதத்துக்கு ஒருதரமாவது அறுகிற ஜாதி. எதிர் மிஷின் இருந்தவரை யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் அவர் என் அறைக்கு வந்தார்.

“ஞாயித்துக்கெழமை ஆனேக்கல் வரைக்கும் வர்றீங்களா சார்? நீங்க கூட இருந்தா நாக்கை அடக்கிக்குவேன்.”

எங்களைப் பார்த்ததும் எதிர் மிஷின்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. “மொதல்ல ஊட்டா மாடி” என்று சாப்பிட உட்கார வைத்துவிட்டார். களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு நம்மவர் ஆரம்பித்தார்.

“திரும்பி வந்துடுங்க. கூலியைப் பழையபடி ரெண்டு பேருமே வாங்கிக்கலாம். கடை வாடகையை வேணும்னா நான் குடுக்கறேன்.”

எதிர் மிஷின்காரர் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். பிறகு நிதானமான தமிழில் சொன்னார்: “மோட்டார வித்தாச்சுங்க. இப்ப அது ஒரு கிணத்துல தண்ணி இறைக்குது. கூலியைப் பாதியாக்கறதுக்கு முந்தி நீங்க ஒரு தடவ ரோட்டைத் தாண்டி வந்திருக்கலாம்.”

அந்த ரோடு இரண்டு மாட்டுவண்டியின் அகலம்கூட இருக்காது. நானும்தான் இரண்டு பக்கமும் போய் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களில் ஒருவருக்கும் அன்று அது தோன்றவில்லையே என்று இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை. நம்மவர் களியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு எழுந்தார்.

டப்பா மிஷின் அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட ஓடவில்லை. அதை விவரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் பஸ்ஸில் திரும்பி வந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அத்திப்பள்ளி தாண்டியதும், “சண்டை போடக்கூட ஒரு ஆளு இல்லாமப் பண்ணிக்கிட்டேன் சார்” என்றார்.

“என்ன இருந்தாலும், ராகியைவிடக் கம்புதாங்க உசத்தி” என்று சொல்லிவைத்தேன்.

அவர் சடாரென்று திரும்பினார். “கம்பு தின்னவன் ராகி தின்னவனோட ஒரு நாளு மூட்டை தூக்கிப் பாக்கட்டும்” என்றார். விட்டேனா நான்? கம்பங்கூழைப் புகழ்ந்தேன், கம்பு அடையைப் புகழ்ந்தேன். அவர் குரல் ஏறிக்கொண்டே போய், டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ஓசூரில் இறங்கும்போது அவர் முகம் பழையபடி சிவந்திருந்தது.

கம்பு எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது.