மனசில் போட்ட எழுத்து

பெரிய மைத்துனருக்குப் பணிவான வணக்கம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் தங்கை என்னைவிடச் சுகம், காரணம் நான்தான்.

விஷயம் என்னவென்றால், பேத்தி போனில் பிரெஞ்சு மட்டும்தான் பேசுகிறாள் என்று நாங்கள் இருவரும் மாலை வகுப்பில் சேர்ந்தோம். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான். எழுத்தைத்தான் பார்ப்பேன், அர்த்தம் பார்க்கிற வழக்கம் கிடையாது; அர்த்தத்தில் மூழ்கினால் பிழை தப்பிவிடும். உங்கள் தங்கையோ இலக்கணத்தைக் காற்றில் விட்டுவிட்டுப் பேத்தியோடு மணிக்கணக்காகச் சிரித்துப் பேசுகிறாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திருத்தினேன். அந்த மொழியில் ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்லும்போது பெயரடைக்கும் இறந்தகால எச்சத்துக்கும் பின்னால் ஒரு வால் எழுத்து ஒட்ட வேண்டும். பெரும்பாலும் காதில் விழாது, தாளில்தான் தெரியும். அதனால் அவள் வாயைத் திறந்தாலே "வால் போட்டியா?" என்று கேட்டுவிடுவேன். பால் பொங்கும்போது கேட்டேன், துணி உலர்த்தும்போது கேட்டேன், பல் வலிக்குப் போன இடத்தில் டாக்டர் முன்னாலேயே கேட்டேன், பாவம் அந்த மனிதர் நர்ஸைப் பார்த்தார். பேத்தி இப்போதெல்லாம் என் குரல் கேட்டாலே போனை வைத்துவிடுகிறாள், குழந்தைதானே, வெட்கம்.

பலன் இன்று தெரிந்தது. உங்கள் தங்கை பையும் கையுமாகக் கூடத்தில் வந்து நின்று, நிதானமாக, "ஜ சுயி ஃபத்திகே. ஜ சுயி பார்த்தி" என்றாள். முதலில் பெயரடை, அடுத்தது எச்சம். உச்சரிப்பு அட்டகாசம்.

"ரெண்டுலயும் வாலை மனசுல போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டேங்க, ரெண்டுலயும்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரமாகுமுன்பே வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள், அவ்வளவு ஆர்வம். உடனே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைப் பிழையின்றிப் பேச வைத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுமுன் பழக்கத்தில் காபி கேட்டுக் கூப்பிட்டுவிட்டு, அவள்தான் வகுப்புக்குப் போயிருக்கிறாளே என்று நானே போட எழுந்தேன். அலமாரிமேல் இருந்த பெட்டியைக் காணோம். இன்று ஞாயிறு, வகுப்பே கிடையாது. அப்புறம்தான் அவள் சொன்னதைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். 'களைச்சுப் போயிட்டேன். கிளம்பிட்டேன்.' உங்கள் வீட்டுக்குத்தான் வந்திருப்பாள். பயமாக இருக்கிறது மைத்துனரே. இதைத் தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். படித்துவிட்டு என்னை உள்ளே விடுங்கள். அவள் எந்த மொழியில் திட்டினாலும், அர்த்தத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.