நேராகப் போன சீதை

மூன்றாவது முறையும் ஸ்நேகா நேராகப் போய் ஸ்கேட்டிங் தளத்தின் கம்பித் தடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டான்ஸ் மிஸ் மாதங்கிக்குத் தலையைச் சுற்றியது. டெல்லி ஜனக்புரியில் பதினெட்டு வருஷமாகப் பரதம் சொல்லித்தருகிறாள். ஸ்கேட்டிங் சார் கேட்டுக்கொண்டதால் வந்திருக்கிறாள்; சக்கரம் மாட்டிய கால்களுக்கு நடனம் அமைப்பது இதுதான் முதல் தடவை. ராமனைக் கண்டதும் சீதை நாணிச் சட்டென்று திரும்ப வேண்டும். அந்த இடத்தில் மாதங்கி "சீதா" என்று குரல் கொடுப்பாள். ஒன்பது வயது ஸ்நேகாவோ கற்பனை ராமனை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை தேர்வு. அதில் தேறினால்தான் குழந்தை மாநிலப் போட்டிக்குப் போக முடியும்.

ஸ்நேகாவின் அம்மா ஹம்சாதான் கண்டுபிடித்தாள். "டெல்லியிலேயே பொறந்தவ இல்லையா மாமி. ஹிந்தில சீதான்னா நேரான்னு அர்த்தம். நீங்க சொன்னபடிதான் பண்றா."

மாதங்கிக்குப் போன உயிர் வந்தது. தப்பு குழந்தை மேல் இல்லை, பெயரில்தான். மறுநாளே சீதா வைதேகி ஆனாள். வைதேகி என்றதும் ஸ்நேகா அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே போய் இடித்தாள். ஹிந்தியில் 'தேக்' என்றால் பார் என்று ஹம்சா விளக்கினாள்.

பெயரே வேண்டாம் என்று மாதங்கி கை தட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற அம்மாக்களும் மரியாதைக்குச் சேர்ந்து தட்ட, ஸ்நேகா இன்னும் வேகமாக நேரே போனாள்.

வெள்ளிக்கிழமை மாதங்கி ஹிந்தியிலேயே இறங்கிவிட்டாள். திரும்பு என்பதற்கு 'முடோ' என்று எழுதி, மனப்பாடம் செய்து கத்தினாள். ஸ்நேகா இறுகக் கண்ணை மூடிக்கொண்டு தடுப்பில் மோதினாள்.

"இதைத் தமிழ் 'மூடு'ன்னு நெனச்சுட்டா மாமி" என்றாள் ஹம்சா, சங்கடமாக.

தேர்வன்று மாதங்கி வாயே திறக்கவில்லை. சீதை ராமனைத் தாண்டி நேரே வந்து நடுவர்களின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டில் உருண்டது.

மாதங்கி ஓடிப்போய், எல்லாம் பாஷைக் குழப்பம், குழந்தையை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் மன்றாடினாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பெரிய நடுவர் அவளை விட்டுவிட்டு, உனக்கு என்ன புரியவில்லை என்று ஸ்நேகாவிடம் கேட்டார். இதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஸ்நேகா மாதங்கி பக்கம் திரும்பி, அழகான தமிழில் சொன்னாள்:

"எல்லாம் புரிஞ்சுது மிஸ். ஸ்கேட்ஸ்ல திரும்பத்தான் தெரியாது. அதை டான்ஸ் மிஸ் சொல்லித்தருவான்னு ஸ்கேட்டிங் சார் சொன்னாரே?"